கட்டைக்காரனின் முகம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிறது என்று என் தங்கை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது அவதூறு. சாய்தளத்தின் நடுவில் நின்றுகொண்டு போன் பேசுகிறவர்களைப் பார்த்தால் மட்டும்தான் எனக்குக் கோபம் வரும். அப்படிப்பட்டவர்கள் உலகத்தில் இவ்வளவு பேர் இருப்பதற்கு நான் என்ன செய்ய முடியும்?

நான் ஒரு அருங்காட்சியகத்தில் வழிகாட்டி. சக்கர நாற்காலியில் வருகிறவர்களை அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. நானும் அதே கட்சிதான். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு என் கால்கள் வேலைநிறுத்தம் தொடங்கின. இன்றுவரை பேச்சுவார்த்தை முடியவில்லை. கைகள் மட்டும் மூன்று பேர் வேலையைப் பார்க்கும்.

கட்டடம் ஒரு காலத்தில் மடமாக இருந்தது. துறவிகள் போய், பூட்டிக் கிடந்து, பிறகு அருங்காட்சியகம் ஆயிற்று. கீழ்த்தளத்தில் கற்சிலைகள், துணியில் வரைந்த தெய்வ உருவங்கள், செதுக்கிய மரக்கதவுகள், பூசைப் பாத்திரங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் தரையில் நான் சாக்பீஸால் ஒரு புள்ளி வைப்பேன். அந்தப் புள்ளியில் சக்கரம் நின்றால்தான் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குப் படம் தெரியும். ஒரு முழம் தள்ளிப்போனால் கண்ணாடியில் உச்சி விளக்கு பளபளப்பதுதான் தெரியும், தெய்வம் தெரியாது. விளக்கை மாட்டியவர் நின்றுகொண்டு சரிபார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பெருக்கும் அம்மா சாயங்காலம் புள்ளிகளை அழிப்பார், நான் காலையில் வைப்பேன். இதைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை பேச்சு வந்ததில்லை.

ஆனால் அந்த அருங்காட்சியகத்துக்கு ஆட்கள் வருவது கீழ்த்தளத்துக்காக இல்லை. மேல்மாடியில், துறவிகள் வழிபட்ட அறையில், யாத்திரைச் சுவர் இருக்கிறது. சுவர் முழுக்க ஓவியம். கோயில் வாசலை நோக்கி ஒரு பெரிய கூட்டம் போய்க்கொண்டிருக்கிறது. பிள்ளையை இடுப்பில் வைத்தவள், ஆட்டைத் தோளில் போட்டவன், பாடுகிறவர்கள், தூங்கி வழிகிறவர்கள். கீழ் வரிசையில், தரையை ஒட்டி, கால் இல்லாத ஒருவன். கையில் பிடி வைத்த மரக்கட்டை. அதை ஊன்றித்தான் நகர்கிறான். நான் அவனுக்குக் கட்டைக்காரன் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இத்தனையும் எனக்குத் தெரியும், ஆனால் நான் அந்தச் சுவரைப் பார்த்ததில்லை. மேலே போக ஒரு கல் படிக்கட்டுதான். சுருண்டு சுருண்டு போகும். ஒல்லியான ஆள் தோளை ஒடுக்கிக்கொண்டு ஏற வேண்டும். சுற்றின் கடைசியில் என் குழுவைப் படிக்கட்டின் அடியில் நிறுத்தி, ஒரு பெரிய புகைப்படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பற்றிப் பேசுவேன். நன்றாகவே பேசுவேன். கேட்டுக்கொண்டிருந்த சிலர் கண்ணைத் துடைத்ததுண்டு. பார்க்காததைப் பற்றிப் பேச எனக்கு வாய் அதிகம்.

புகைப்படத்தில் கட்டைக்காரன் தலை கவிழ்ந்து, ஒரு கையைத் தூக்கி ஏந்திக்கொண்டிருப்பான். கையில் கிண்ணம் மாதிரி ஏதோ இருக்கும். கீழே அச்சடித்த விளக்கம்: 'அருளை இரந்து வேண்டும் ஊனமுற்றவர்'. அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு அதற்கு ஒரு காரணம் உண்டு. சின்னப் பெண்ணாக இருந்தபோது, கடைவீதி ஓரத்தில் தரையில் உட்கார்ந்து அம்மாவுக்காகக் காத்திருந்தேன். புது உடை, தலையில் ரிப்பன், எல்லாம் பக்காவாகத்தான் இருந்தேன். போகிற போக்கில் ஒருவர் என் மடியில் ஒரு காசைப் போட்டுவிட்டுப் போனார். அன்றோடு சரி. வீட்டுக்குள் கையூன்றித் தரையில் எவ்வளவு வேண்டுமானாலும் நகர்வேன். வாசலைத் தாண்டினால் நாற்காலியை விட்டு இறங்க மாட்டேன். யாரும் என்னைத் தூக்கவும் விடமாட்டேன்.

இந்த நிலைமையில்தான் சுவர்க்காரர் வந்து சேர்ந்தார்.

மேல்மாடிச் சுவரில் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய ஒருவரை வரவழைத்தார்கள். அவருடைய உண்மையான பதவிப் பெயர் நீளமானது. நாங்கள் சுவர்க்காரர் என்றோம். என் வயதுதான் இருக்கும். புருவத்தில் எப்போதும் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் படிக்கட்டில் இறங்கி வந்து, என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருவார். மற்ற எல்லோரும் சாப்பிடுவது பின்கட்டில். இவர் ஏன் இங்கே உட்காருகிறார் என்று வாசல் காவல் அண்ணன் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார். எனக்குத்தான் தாமதம்.

வந்த புதிதில் அவரும் எல்லோரையும்போல ஆரம்பித்தார்.

"நாலு பேரைச் சேர்த்துக்கிட்டு நாற்காலியோடவே உங்களை மேல தூக்கிட்டுப் போயிடலாமே?"

"பீரோவைத்தான் அப்படித் தூக்குவாங்க," என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, "சரி," என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. மற்றவர்கள் மூன்றாவது நாளும் கேட்பார்கள்.

தூக்குவதற்குப் பதிலாக, சுவரைத் தவணை முறையில் கீழே கொண்டுவந்தார். இன்றைக்கு அந்த ஆட்டின் காது, நாளைக்குப் பாடுகிறவளின் தொண்டை நரம்பு என்று, காலையில் எந்த இடத்தில் வேலை செய்தாரோ அதை மதியம் எனக்குச் சொல்வார். நான் குறுக்குக் கேள்வி கேட்பேன். பதில் தெரியாவிட்டால், சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு ஏறிப்போய்ப் பார்த்து வந்து சொல்வார். "இடது காதுதான். ஒரு சின்ன கிழிசல் இருக்கு," என்பார், மூச்சு வாங்க. அந்த நாட்களில் மதியம் எப்போது வரும் என்று நான் காத்துக்கொண்டிருப்பேன். காலையில் கண்ணாடியின் முன்னால் தங்கை கேலி செய்கிற அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டேன்.

கடைசியாகக் கீழ் வரிசைக்கு வந்தார். பாய் விரித்து ஒருக்களித்துப் படுத்துத்தான் அங்கே வேலை செய்ய முடியும். ஒருநாள் வந்து உட்கார்ந்தவர் சாப்பாட்டைத் திறக்கவில்லை.

"அந்த அட்டையில என்ன போட்டிருக்காங்க, உங்க ஆளைப் பத்தி?"

"இரந்து வேண்டுறானாம்."

"எழுதினவங்க நின்னுக்கிட்டே எழுதியிருக்காங்க. அவன் யார்கிட்டயும் கையேந்தலைங்க. அந்த இடத்துல சுவர் உள்ள வளைஞ்சு போகுது. மேல இருந்து பார்த்தா முகம் கவிழ்ந்த மாதிரி தெரியுது. கீழ படுத்துப் பார்த்தா வேற ஆளு."

"வேற ஆளுன்னா?"

"திட்டிக்கிட்டு இருக்கான். முன்னாடி ஒருத்தன் வழியை மறிச்சுக்கிட்டு நடக்கறான் பாருங்க, அவனை. 'ஓரமா போய்யா, இது என்ன உங்க அப்பன் வீட்டு வழியா'ன்னு. வாயைப் பார்த்தாலே தெரியுது." என் பக்கம் திரும்பினார். "சத்தியமாச் சொல்றேன், உங்களை மாதிரியே இருக்கான்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் உள்ளே ஒரு குரல், ஐஸ் வைக்கிறார் என்றது.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்ணிடம் மனிதர்கள் சர்க்கரை தடவித்தான் பேசுவார்கள். நான் சமைத்தால் அமிர்தம், நான் பாடினால் குயில். ஒருமுறை நான் வெறுமனே கதவைத் திறந்ததற்கு ஒருவர் கைதட்டினார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, இரக்கம்தான். ஆனால் அந்த இரக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு பேச்சையும் நம்ப முடியாது. புகைப்படத்தில் கட்டைக்காரன் கையேந்துவது பட்டப்பகல் மாதிரி தெரிகிறது. இவரோ திட்டுகிறான் என்கிறார், அதுவும் என்னைப் போலவே திட்டுகிறான் என்கிறார். மேல்மாடியில் இப்போது யாரும் படம் எடுக்கக் கூடாது என்பது விதி, அதனால் வேறு சாட்சியும் இல்லை. என் மனசைக் குளிர வைக்கப் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன்.

வேலை முடிந்தது. சாரத்தைப் பிரித்தார்கள். போகிற நாளில் அவர் ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"அடுத்த வேலை ரொம்ப தூரத்துல. முடிஞ்சதும் இங்கேயே வந்துடலாம்னு இருக்கு. இங்கன்னா, உங்க பக்கத்துல. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. வான்னு ஒரு வார்த்தை சொன்னா வந்துடுவேன்."

கையும் ஓடவில்லை, கால் எப்போதுமே ஓடியதில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அதே முகம்தான், கட்டைக்காரனைப் பற்றிச் சொன்னபோது இருந்த முகம். இதுவும் அந்த வகைதானே என்று தோன்றிவிட்டது.

"பஸ்ஸுக்கு நேரமாகுது பாருங்க," என்றேன்.

அவர் போய்விட்டார். மதியங்கள் அப்படியே நின்றன. ஸ்டூலை யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை. நான் அவரை நினைக்காத நாள் இல்லை என்று சொன்னால் கதை மாதிரி இருக்கும், ஆனால் அதுதான் நடந்தது. ஆட்டைப் பார்த்தால் காதைப் பார்ப்பேன். தெருவில் சுண்ணாம்பு அடிக்கிற வீட்டைத் தாண்டும்போது நாற்காலி தானாக மெதுவாகும்.

மேலே போய் ஒரே ஒரு தடவை கட்டைக்காரனைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் வெறியாயிற்று. அவன் கையேந்துகிறானா, திட்டுகிறானா? கையேந்தினால், அந்த மனிதர் இனிக்க இனிக்கப் பேசுகிறவர், நான் வழியனுப்பியது சரி, நிம்மதியாகத் தூங்கலாம். திட்டினால் என்ன ஆகும் என்பதை நான் யோசிக்கவே பயந்தேன். காவல் அண்ணனைக் குனிந்து பார்த்துவரச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்தை இன்னொருவர் கண்ணால் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

லிஃப்ட் வேண்டும் என்று நான் வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தேன். பழைய கட்டடத்தைத் தொடக்கூடாது என்றார்கள், தொடலாம் ஆனால் இடிக்கக்கூடாது என்றார்கள், பிறகு கமிட்டி கூடியது, கலைந்தது, மறுபடி கூடியது. கடைசியில் பின்பக்கச் சுவரோடு ஒட்டி, மேல்மாடி ஜன்னல் ஒன்றை வாசலாக்கி, ஒரு நாற்காலி மட்டும் கொள்கிற லிஃப்ட் வந்தே விட்டது. முதல் சுற்று என்னுடையது. அன்று காலை தங்கை என்னைப் பார்த்து, "யாரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறே?" என்றாள். தலையில் பூவைச் சரிசெய்துகொண்டு கிளம்பினேன்.

அன்றைய குழுவில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். பெரிய உடம்பு, ஒரு பக்கம் வாதம். கூட அவர் மனைவி. மனுஷர் நாற்காலியிலும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் திரும்புகிற இடத்திலெல்லாம், "நல்லா ஒடிச்சுத் திருப்பும்மா, ஒடிச்சுத் திருப்பு. இன்னும் இடம் இருக்கு," என்று பின்னாலிருந்து சத்தம். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். கீழ்த்தளத்தை நான் அன்று எப்படிக் காட்டினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு சிலைக்கு முன்னால் பேச்சு நடுவில் நின்றுபோய், காவல் அண்ணன்தான் இருமி நினைவுபடுத்தினார்.

லிஃப்டில் முதலில் ஏறினேன். மேலே மேலாளர் காத்திருந்தார். நல்ல பெண்மணி, இந்த லிஃப்டுக்காக என்னோடு சேர்ந்து எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் காத்திருந்தவர். கதவு திறந்தது.

சுவர் எதிரே இருந்தது. அவ்வளவு பெரியதாக இருக்கும் என்று எந்தப் படமும் சொல்லவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் கூட்டம் முழுக்க நகர்கிற மாதிரி இருந்தது. ஆட்டைத் தேடினேன். இடது காது, சின்ன கிழிசல். பாடுகிறவளின் தொண்டை நரம்பு அவர் சொன்ன மாதிரியே முறுக்கிக்கொண்டு நின்றது. என் கண் நிறைந்து போயிற்று. நாற்காலியை உருட்டிக்கொண்டு கீழ் வரிசையைப் பார்க்கப் போனேன்.

கீழ் வரிசை இல்லை.

சுவருக்கு ஒரு கை தூரம் முன்னால், அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, வழுவழுவென்று மெருகேற்றிய புத்தம்புதிய பலகைத் தடுப்பு. நிற்கிறவர்களுக்கு இடுப்பு உயரம். எனக்குக் கழுத்து உயரம். நாற்காலியை அதில் முட்ட நிறுத்தி எட்டிப் பார்த்தேன். ஒரு தலைமுடியின் உச்சி மட்டும் தெரிந்தது. அது கட்டைக்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

"இது என்ன?" என்றேன்.

"கூட்டம் அதிகமாகும்ல, பிள்ளைங்க கை வைக்கும், நாற்காலிச் சக்கரம் இடிக்கும்," என்றார் மேலாளர் பெருமையாக. "கண்ணாடி போட்டா ஈரம் அடைச்சுக்குமாம். அதான் பலகை. காத்து போக அடியில இடைவெளி விட்டிருக்கோம். நல்லா இருக்குல்ல?"

"நான் உட்கார்ந்திருக்கேன்."

"என்னது?"

"நான் உட்கார்ந்திருக்கேங்க! எங்களைக் கூட்டிட்டு வரத்தானே லிஃப்ட் போட்டீங்க? கதவு அகலம் அளந்தீங்க, நாற்காலி எடை அளந்தீங்க, திரும்ப இடம் இருக்கான்னு அளந்தீங்க. கண்ணு எங்க இருக்கும்னு ஒருத்தர் கூடவா அளக்கலை?"

மேலாளர் முகம் வெளுத்துவிட்டது. பலகை ஓரமாக வந்து, என் பக்கத்தில் முழங்காலை மடக்கிக் குனிந்து பார்த்தார். வாயில் கைவைத்துக்கொண்டார்.

"ஐயோ. நாங்க எல்லாரும் நின்னுதானே பார்த்தோம்."

"இப்பவே கழட்டச் சொல்லுங்க."

"முடியாதும்மா, கமிட்டி கூடணும். அவங்க ஒப்புதல் இல்லாம ஒரு ஆணியைக் கூட எடுக்க முடியாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அந்தக் கமிட்டி கூடுவதற்குள் எனக்குத் தலை நரைத்துப் பல்லும் விழுந்துவிடும். இதற்குள் டிரைவரும் அவர் மனைவியும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்திருந்தார்கள். டிரைவரின் மனைவிதான், எனக்கு உதவி செய்கிற நினைப்பில், பலகைமேல் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கால் இல்லாதவரைத்தானே பார்க்கணும்? நான் சொல்றேன். பாவம்மா, தலையைக் குனிஞ்சு கையேந்திக்கிட்டு இருக்காரு. பார்க்கவே மனசு சங்கடமா இருக்கு."

நியாயமாக இந்த இடத்தில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். சுவர்க்காரர் பொய் சொன்னார், கதை முடிந்தது. நிம்மதி வரவில்லை. அவர் உண்மை சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் இத்தனை நாளும் நான் ஆசைப்பட்டிருக்கிறேன் என்று அப்போது எனக்கே தெரிந்தது. அது தெரிந்த பிறகு சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

பிரேக்கைப் போட்டேன். கால்பலகையை மடக்கினேன். இரண்டு கையையும் ஊன்றி, நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கினேன்.

"என்ன பண்றீங்க? எழுந்திருங்க!" என்று மேலாளர் பதறினார்.

"எழுந்திருக்க முடிஞ்சா உங்ககிட்ட ஏங்க லிஃப்ட் கேக்கறேன்?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதுகு கூசியது. காது சூடாயிற்று. கையூன்றி, உடம்பை இழுத்து, பலகையின் அடிவரைக்கும் நகர்ந்தேன். பிறகு குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, காற்றுக்காக விட்டிருந்த இடைவெளிக்குள் கண்ணைக் கொடுத்தேன்.

முதலில் இருட்டாக இருந்தது. பிறகு வண்ணம் தெரிந்தது. பிறகு கால்கள், ஊர்வலத்தின் கால்கள், வெடித்த பாதங்கள், ஒரு கொலுசு. அந்தக் கால்களுக்கு நடுவில் அவன் இருந்தான்.

தலை கவிழ்ந்திருக்கவில்லை. நிமிர்ந்த தலை. சுவர் வளைகிற இடத்தில், கீழே கிடக்கிறவருக்கு நேருக்கு நேராக அவன் முகம் விரிந்தது. புருவம் சுருங்கி, கீழ் வரிசைப் பல் தெரிய வாய் திறந்திருந்தது. தூக்கிய கையில் கிண்ணம் எதுவும் இல்லை, ஊன்றுகிற கட்டைதான். அவனுக்கு முன்னால் ஒரு தடித்த ஆள், பக்கத்தில் வருகிறவனோடு வம்பளந்துகொண்டு, வழியை முழுக்க அடைத்துக்கொண்டு நடக்கிறான். இன்னும் ஒரு நொடியில் அந்தக் கட்டை அவன் குதிகாலில் விழப்போகிறது. அப்படி ஒரு எரிச்சலை நான் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பலகை அதிர்கிற மாதிரி சிரித்தேன்.

"என்னம்மா தெரியுது?" என்றார் டிரைவர், மேலேயிருந்து.

"முன்னாடி போறவனுக்கு ஹாரன் அடிக்கிறாருங்க!"

"அப்படியா! அடிக்கட்டும், அடிக்கட்டும். நடு ரோட்டுல நடந்தா வேற என்ன பண்றது?" அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "என்னையும் இறக்கி விடுடி, நானும் பார்க்கணும்," என்றார் மனைவியிடம்.

"இறக்கி விட்டுடலாம். அப்புறம் ஏத்தறதுக்குக் கிரேன் எங்க இருக்கு?" என்றார் அந்த அம்மா.

அறை முழுக்கச் சிரித்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த முகத்தை இந்த உயரத்திலிருந்து பார்த்தவர் சுவர்க்காரர் ஒருவர்தான். வாரக்கணக்கில் இதே தரையில் கிடந்து பார்த்திருக்கிறார். பார்த்ததைப் பார்த்தபடி வந்து சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, என் மனசைக் குளிர வைக்க ஒரு சொல் சேர்க்கவும் இல்லை. ஆட்டின் காதுக்காகச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுப் படியேறின மனிதர், வேறு எந்த விஷயத்தில் பொய் சொல்லியிருப்பார்?

சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாயிற்று என்று தெரியவில்லை. தரை ஈரமாயிற்று. அவர் குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்கிற மாதிரி இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, சுண்ணாம்புப் புருவத்தோடு, இங்கே, இந்தத் தரையில், என் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அவர் இதைப் பார்க்க வேண்டும் போல எனக்கு இருந்தது.

மேலாளர் குனிந்து என் தோளைத் தொட்டார். "அடிபட்டுடுச்சா? தூக்கி விடவா?"

"வேண்டாம். சுவர் வேலை பார்த்தாரே, அவர் நம்பர் ஆபீஸ்ல இருக்கா?"

"பழைய நம்பர் ஒண்ணு இருக்கும். மாத்தியிருந்தாலும் மாத்தியிருப்பார். எதுக்கு, பலகையை எடுக்கச் சொல்லிக் கடிதம் கேக்கவா?"

"இல்லைங்க," என்றேன், கன்னத்தைத் தரையிலிருந்து எடுக்காமல். "அவரை வரச் சொல்லணும்."